புளி போட்டுத் தேய்த்த பிளக்

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலமானால் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, செம்பு இவற்றோடு மோட்டார் பஸ்ஸின் நான்கு பிளக்குகளும் புளித்தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி கொடுக்குமே, அந்தப் பிளக்குகள்தாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேறெந்த வீட்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருந்திருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்தக் கூத்துக்கு மூலம் அப்பா பார்த்த ரயில்வே வேலை. நீராவி எஞ்சின்களைத் துடைக்கும் ஆட்களில் அவர் ஒருவர். எஞ்சினின் பித்தளைப் பட்டைகளையும் குழாய்களையும் செங்கல் தூள் போட்டு முகம் தெரிகிறவரை தேய்க்க வேண்டும். எங்கள் பக்கம் செங்கல் சூளைகளுக்குக் குறைவில்லை. உடைந்த கல்லைப் பொறுக்கி வந்து இடித்துச் சலித்தால் தூள் தயார். மின்னுகிற எஞ்சின் வழியில் நிற்காது என்று அவருடைய வெள்ளைக்கார மேஸ்திரி ஒருமுறை சொன்னானாம். சும்மா வேலை வாங்குவதற்காகச் சொல்லியிருப்பான். அப்பா அதைச் சாமி வாக்காகவே எடுத்துக்கொண்டார்.

ரப்பரும் ஈயமும் விலைபோகாத அந்தக் காலத்தில் ரயில்வேயில் ஆட்களைக் குறைத்தார்கள். எஞ்சின்கள் நிற்கவில்லை, அவற்றைத் தேய்த்தவர்தான் நின்றார். கையில் கொடுத்தனுப்பியதை வைத்து அப்பா ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார். ஏழு பேர் உட்காரலாம். சந்துபொந்தெல்லாம் புகுந்து, கைகாட்டிய இடத்திலெல்லாம் நின்று ஆளேற்றும் அந்தச் சின்ன வண்டிகளுக்குக் கொசு பஸ் என்று பெயர். கோலாலம்பூரிலிருந்து சுங்கை வே வழியாகக் கிள்ளானுக்குப் போய்வருவார். எஞ்சினுக்கு வயதாகியிருந்தது, எண்ணெயும் நிறையக் குடித்தது. ஆனால் சொந்த வண்டி. அப்பா அதில் ஏறி உட்காரும்போது அவர் முதுகு தானாக நிமிரும்.

முதல் ஆயுத பூஜை வந்தது. அந்தக் காலத்துப் பிளக்கை மரை கழற்றி இரண்டாகப் பிரித்துவிடலாம். வெளியே பித்தளைக் கூடு, உள்ளே பீங்கான் தண்டு. அப்பா நான்கையும் கழற்றிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தார்.

"இந்தா, சாமிக்கு வைக்கணும். வெளக்கு மாரியே பளிச்சுனு இருக்கணும், பாத்துக்க."

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. அதுவரை அப்பாவின் வேலை என்பது ரயில்வே வேலிக்கு அந்தப் பக்கம் நடந்த ஏதோ ஒன்று. அவர் கொண்டுவரும் எண்ணெய் அழுக்குச் சட்டையைத் துவைப்பதோடு அம்மாவின் பங்கு முடிந்துவிடும். இப்போது எஞ்சினின் உயிரே மடிக்கு வந்துவிட்டது. புளியையும் செங்கல் தூளையும் தேங்காய் நாரில் தொட்டுத் தொட்டு அம்மா தேய்த்த வேகத்தில் பித்தளை தங்கமானது. பீங்கானில் படிந்திருந்த கரி போய்த் தேங்காய்ப் பருப்பு நிறம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, "என்னா இது, மருமவனுக்கு வெள்ளித் தம்ளரா?" என்று கேட்டதும் அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா அப்படிச் சிரித்துப் பழக்கமில்லாதவள்.

பூஜை முடிந்து பிளக்கைப் பூட்டி ஓட்டியதும் வண்டி குதித்துக்கொண்டு போனது. கரி போனால் எந்த வண்டியும் குதிக்கத்தான் செய்யும். அப்பாவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் பிளக்குகள் விளக்குகளோடு சேர்ந்துகொண்டன.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வண்டி இருமத் தொடங்கியது. முதலில் ஞாயிற்றுக்கிழமை வாக்கில் இருமும், பிறகு சனிக்கிழமையே இருமும். பின்னால் கரும்புகை. பெட்ரோல் எங்கே போகிறது என்று தெரியவில்லை, குடித்த அளவுக்கு ஓட மாட்டேன் என்றது. ஏறியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுத்த தடவை வேறு பஸ்ஸுக்குக் கைகாட்டினார்கள். அப்பா பெட்ரோல் கடைக்காரன் தண்ணீர் கலக்கிறான் என்றார். அம்மா கண்ணேறு என்றாள், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். எதற்கும் வண்டி மசியவில்லை. ஆனால் வியாழக்கிழமை தேய்த்துப் பூட்டினால் வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுங்காக ஓடியது. அதனால் அம்மா இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அப்பா சோர்ந்து வரும் நாளில், கேட்காமலே அவளாகப் பிளக்கை வாங்கித் தேய்ப்பாள். அவர்களுக்குள் கொஞ்சல் பேச்செல்லாம் நான் கேட்டதில்லை. அந்த நார் தேயும் சத்தம்தான் அவர்களுக்குள் இருந்த பிரியம் என்று இப்போது படுகிறது.

இருமலைக் கேலிசெய்தவர் ஒருவர் இருந்தார், அவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. தாயில்லாமல் அம்மா இடுப்பில் வளர்ந்தவர். ஊரில் கிடந்து என்ன செய்யப்போகிறாய், இங்கே வா என்று அம்மா விடாமல் சொல்லியனுப்பி வரவழைத்திருந்தாள். கோலாலம்பூருக்குத் தெற்கே டெங்கில் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் நின்று கன்னத்தை உப்பி, "டுப்... டுப்... டுர்ர்..." என்று எங்கள் பஸ்போலவே இருமிக் குலுங்கி, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிடுவார். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அம்மா, "வாயக் கழுவுடா, சோறு போடுற வண்டி" என்று அதட்டுவாள். அப்பாவும் அடக்கமுடியாமல் சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்து ஆள் ஒருவர் காய்கறி லோரியில் மூட்டைகளுக்கு மேல் தொற்றிக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். மாமாவுக்குக் கடுமையான வயிற்று வலி, காய்ச்சல் வேறு. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கையை விரித்துவிட்டார்.

"உள்ளார சீழ் புடிச்சிருக்காம். கோலாலம்பூரு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இன்னிக்கே அறுக்கணும்ங்குறாரு. தொரை காரெடுத்துட்டு ஈப்போ போயிட்டாரு. நீங்க வந்தா தேவல அண்ணே."

அப்பா அதற்குள் வண்டியின் மூடியைத் திறந்திருந்தார். அம்மா என்னையும் இழுத்து ஏற்றிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நேத்து சாயங்காலந்தாங்க தேச்சேன். கவலப்படாம எடுங்க."

சொன்னபடியே வண்டி ஓடியது. டெங்கில் போய்ச் சேரும்வரை ஒருமுறைகூட இருமவில்லை. அம்மா வழியெல்லாம் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் மாமாவை ஒரு பலகையில் கிடத்தியிருந்தார்கள். முகம் வெளுத்து, உதடு உலர்ந்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டிருந்தார். தூக்கி உள்ளே வைக்கும்போது அவர் போட்ட சத்தம் ஒரு பெரிய ஆள் போடுகிற சத்தமாக இல்லை.

திரும்பும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. செம்மண் பாதை, பள்ளத்துக்குப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாமா துடித்தார். அவர் தலையை மடியில் வைத்திருந்த அம்மா, "மெதுவாப் போங்க, மெதுவா, புள்ளைக்கித் தாங்கல" என்று கெஞ்சினாள். அப்பா மாட்டு வண்டி வேகத்துக்குக் குறைத்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது. கொஞ்ச தூரம் அப்படி ஊர்ந்த பிறகு எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. கரும்புகையைக் கக்கிவிட்டு ஓரமாக நின்றது.

அப்பா மழையில் இறங்கிப் பிளக்கைக் கழற்றினார். நான்கும் கரியப்பிக் கிடந்தன. வேட்டி நுனியால் துடைத்துப் பூட்டினார், வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி துடைத்தார். மூன்றாம் முறை நின்றபோது அம்மா மாமாவின் தலையை என் மடிக்கு மாற்றிவிட்டு இறங்கினாள்.

"குடுங்க இப்படி. நீங்க தேக்கிறது பத்தாது."

சாலையோரத்தில் உட்கார்ந்து, ஈரமண்ணை அள்ளிப் பீங்கானில் அப்பி, முந்தானையால் சுற்றிப் பிடித்து அம்மா தேய்த்தாள். மழையில் நனைந்த தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. அவள் அழுகிறாளா, மழையா என்று எனக்குத் தெரியவில்லை. பீங்கான் வெளுத்தது, வண்டி கிளம்பியது. ஆனால் முன்னைவிடச் சீக்கிரம் நின்றது. நிற்க நிற்க அவள் இன்னும் மூர்க்கமாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வண்டி இன்னும் குறைந்த தூரம் ஓடியது. வேறு வண்டி ஏதாவது வருமா என்று அப்பா சாலையின் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தார். அந்த மழையில் ஒன்றும் வரவில்லை.

என் மடியில் கிடந்த மாமா கண்ணைத் திறந்தார். நான் அழுகிறேன் என்று பார்த்திருக்க வேண்டும். கன்னத்தை உப்ப முயன்றார். "டுப்..." என்றார். அடுத்த 'டுப்' வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எங்களை ஒரு சீனருடைய லோரிதான் கடைசியில் கயிறு கட்டி இழுத்து வந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். விளக்கு ஏற்றுகிற நேரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், டாக்டருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர், வெளியே வந்து அப்பாவைத் தனியே அழைத்தார். ஆனால் அவர் குரல் தாழ்ந்த குரல் அல்ல.

"வயித்துக்குள்ள வெடிச்சுப் போச்சுது. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் ஏதும் செய்திருக்கலாம். இனி ஒண்டும் செய்யேலாது, தம்பி."

அம்மா அதைக் கேட்டாள். 'கொஞ்சம் முந்தி' என்ற அந்தச் சொல்லைத்தான் கேட்டிருப்பாள். அவள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை, தரையில் விழவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "ஒங்க வண்டி" என்றாள். அதன்பிறகு அவள் அவரோடு நேராகப் பேசவில்லை.

காரியங்கள் முடிந்தன. வீட்டில் நான்தான் தபால்காரியானேன். "அப்பாவச் சாப்புடச் சொல்லு." "அம்மாகிட்ட வேணாம்னு சொல்லு." இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். எனக்கு முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு அலுத்தது. பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்காரத் தொடங்கினேன்.

அப்பா பஸ்ஸை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். வாங்க வந்தவன் இருமலைச் சரிசெய்து கொடு என்றான். அதனால் ஒரு காலையில், என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற வழியில், தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் சீன முதலாளி ஒருவரின் மோட்டார் பட்டறையில் நிறுத்தினார். தவுக்கே பிளக்குகளைக் கழற்றி, உள்ளே இருந்த பீங்கான்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். இரண்டு பேருக்கும் பொதுவான, கடைத்தெருவில் புழங்கும் பாசார் மலாயில் பேசிக்கொண்டார்கள். அந்த மலாய் எனக்கும் தெரியும், தெருவில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அது தாய்மொழி மாதிரி.

தவுக்கே ஒரு புதுப் பிளக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலால் எஞ்சின் கரியைத் தொட்டு இரண்டு பீங்கானிலும் தடவினார். துணியால் துடைத்தார். புதியதில் கரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. எங்களுடையதில் கறையாகத் தங்கிவிட்டது. "குலிட் சுடா ஹாபிஸ்" என்றார். தோல் போய்விட்டது என்று அர்த்தம். பீங்கானுக்கு மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு உண்டு, அதுதான் அதன் தோல். யாரோ அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். தோல் இல்லாத பீங்கான் கரியை உறிஞ்சிக்கொள்ளும். கரண்டு இடைவெளியைத் தாண்டிக் குதித்தால்தானே பொறி வரும்? கரி வழியாகச் சுகமாக இறங்கிப் போக முடிந்தால் அது ஏன் குதிக்கிறது? பொறி இல்லையென்றால் பெட்ரோல் எரியாமல் புகையாகத்தான் போகும். தேய்த்த மறுநாள் ஓடும், அப்புறம் நிற்கும். எவ்வளவு தேய்க்கிறாயோ அவ்வளவு சீக்கிரம் நிற்கும். மெதுவாக ஓட்டினால் இன்னும் மோசம், பீங்கானில் சூடே ஏறாது, சூடு ஏறாவிட்டால் கரி எரியாது.

எனக்கு அந்தக் கரி வித்தை ரொம்பப் பிடித்திருந்தது. இன்னொரு முறை செய்து காட்டமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சியாப்பா கோசோக்?" என்றார் தவுக்கே. யார் தேய்த்தது என்று கேட்டார்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சாயா" என்றார். நான்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தது, அவள் விரலெல்லாம் செங்கல் தூளில் வெடித்தது, இவர் கூசாமல் நான்தான் என்கிறாரே! அவ்வளவு வெள்ளையாகத் தேய்த்த பெருமையை அம்மாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பேசாத சண்டையில் இதுவும் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

தவுக்கே இன்னொரு பிளக்கைக் காட்டினார். அதன் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தது. உங்களுடையது வேகமாக ஓடும் புது வண்டிக்கானது, மூக்கு குட்டை, சீக்கிரம் ஆறிவிடும். எண்ணெய் குடிக்கிற கிழ எஞ்சினுக்கு நீள மூக்குதான் சரி, தன் சூட்டிலேயே கரியை எரித்துக்கொள்ளும், தேய்க்க வேண்டிய வேலையே இல்லை என்றார். அப்பா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: இது போட்டிருந்தால், டெங்கிலிலிருந்து கோலாலம்பூர் வரை, மழையில், மெதுவாக ஓட்டினாலும், நிற்காமல் வந்துவிடுமா?

தவுக்கேவுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"சம்பாய் லா!" என்றார். வந்து சேர்ந்துவிடுமே!

அப்பா பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டார். வெயிலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று என்னை அவர் பள்ளிக்கூடத்தில் விடவில்லை. பழைய பிளக்குகளைத் துண்டில் முடிந்துகொண்டு, கிள்ளான் ஆற்றோரமாக நடந்துபோய், தண்ணீரில் வீசினார். அத்தனை வெள்ளைப் பிளக்குகளை வீசுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. வழியில் சீனி தூவிய பன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கேட்காமல் அவர் எனக்கு எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. பொய் சொன்னதை அம்மாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பன் நன்றாக இருந்ததால் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா சுவரைப் பார்த்தபடி, "என்னா கோளாறாம்னு கேளு" என்றாள்.

"பிளக்குக்குக் கரண்டு குடுக்குற மேக்னட் கெட்டுப் போயிருக்காம். ரொம்ப நாளாவே. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்லு" என்றார் அப்பா.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா கேட்டுவிட்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். தம்பியைக் கொன்றவர் யார் என்று அவளுக்கு அன்றைக்கு உறுதியானது. அந்த உறுதியோடுதான் அவள் கடைசிவரை வாழ்ந்தாள். அப்பா செத்தபோதுகூட அவள் முழுதாக அழவில்லை. இழவு வீட்டில் பெண்கள் அதைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் ஒரு பழைய கார் வாங்கி, வேறொரு பட்டறையில் வேறொருவர் என் முன்னால் அதே தோல் கதையைச் சொன்னார். அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். அவளிடம் போய் என்ன சொல்வது? உன் தம்பியை வழியில் நிறுத்தியது உன் கைதான் என்றா? அவர் தன் தலையில் வாங்கிக்கொண்டதை இறக்கி அவள் தலையில் வைக்க எனக்குக் கை வரவில்லை. அப்பாமேல் பழி கிடந்தது கிடந்தபடியே இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பஸ் போன பிறகும் வியாழக்கிழமைகள் வந்தன. அம்மா விளக்குகளை எடுத்து முன்னால் பரப்பி, புளியைக் கரைத்து, செங்கல் தூளைத் தொட்டுத் தேய்க்க உட்காருவாள். முதல் சரக் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். ரயில் பாலத்துக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் தேய்த்து முடித்து விளக்கேற்றுகிறவரை அங்கேயே நிற்பார். சில நாள் நானும் பின்னால் ஓடியிருக்கிறேன். ரயில் வந்தாலும் அவர் அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் என் தோழிகளிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எங்கப்பாவுக்கு ரயில் என்றால் உயிர் என்று.